கோமாரின் கடலில் ஒரு கப்பல்

கோமார் இறந்தபிறகு வந்த முதல் லூக்கா திருநாளில், எங்கள் தொழில்காரர் சங்க விருந்தில் ஒரு செதுக்குக்காரன் வாய் கூசாமல் சொன்னான்: "கோமார் கை, கோமார் கைன்னு கும்புடுறீங்களே, அவருக்கும் கடைசியில கை ஆடிப்போச்சு. ஜீலாந்து நிலப்படத்த எடுத்துப் பாருங்க. நடுக்கடல்ல கப்பல் நிக்குது." மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் தலையை ஆட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பீர்க் குவளையை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் வாத்துக்கறித் தட்டை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன்.

அந்தக் கப்பல் எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். கோமாரின் மனைவி டிங்னாவுக்கும் தெரியும், ஆனால் அவர் சொல்லமாட்டார். அதனால் நான்தான் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் லாம்ப்ரெக்ட். ஆண்ட்வெர்ப்பில் வெர்ஹூவன் முதலாளியின் பட்டறையில் அச்சு இழுக்கிறவன். செதுக்கிய செப்புத் தகட்டில் மையைத் தேய்த்து, துணியால் துடைத்து, உள்ளங்கையால் மறுபடி துடைத்து, ஈரத்தாளை மேலே போட்டு, இரண்டு உருளைக்கு நடுவே விட்டுச் சக்கரத்தை இழுப்பேன். என் நகத்துக் கறுப்பு என் கல்யாணத்தன்றைக்கும் போகவில்லை. மாமனார் அதைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை கரி அள்ளுறவரா?" என்று கேட்டார்.

அந்தக் காலத்தில் நிலப்படம் என்றால் ஒவ்வொன்றும் ஒரு அளவு. பிரான்சு ஒரு போர்வை அகலம் இருக்கும், பக்கத்து நாடு கைக்குட்டை அளவு இருக்கும். வியாபாரி மேசைமேல் விரித்தால் ஒரு பக்கம் சுருண்டுகொள்ளும். மெழுகுவத்தித் தண்டை வைத்தால் மறுபக்கம் சுருளும். வீட்டுக்காரி வந்து ரொட்டியை ஸ்பெயின்மேல் வைத்துவிட்டுப் போவாள். இந்தத் தொல்லையெல்லாம் பார்த்து எங்கள் ஊரில் ஒருவர் எல்லாத் தேசத்தையும் ஒரே அளவில் செதுக்கவைத்து, ஒரே தோலட்டைக்குள் தைத்துப் புத்தகமாக விற்று, பெரிய பேர் வாங்கிவிட்டார். எங்கள் முதலாளிக்குத் தூக்கம் போய்விட்டது.

"நாமளும் தைக்கிறோம்டா. அவங்க பெரிய பெரிய தேசமாப் போட்டாங்க. நாம ஜில்லா ஜில்லாவாப் போடுவோம். அவனவன் ஊரு பேரு இருந்தா அவனவன் வாங்குவான்" என்றார் முதலாளி.

எழுத்துச் செதுக்குகிற டீல்மான் என் காதில், "உலகத்த மடிச்சுத் தச்சா, மடிப்புல இருக்கிற ஊர்க்காரன் என்னடா பண்ணுவான்?" என்றான். டீல்மானுக்கு அப்படித்தான் வாய். ஆனால் கை பொன்.

ஒரு தகட்டைப் பட்டறையில் ஒருவரே முடிப்பதில்லை. கரையும் ஆறும் ஒருவர், மலையும் காடும் ஒருவர். ஊர்ப் பெயரெல்லாம் டீல்மான். கடல் மட்டும் கோமார். எல்லோரும் முடித்தபிறகு தகடு அவரிடம் போகும். வடக்கு ஜன்னலில் எண்ணெய் தடவிய தாளை ஒட்டி வைத்திருப்பார். வெளிச்சம் அதில் வடிந்து பால்போல மேசையில் இறங்கும். தோல் திண்டின்மேல் தகட்டை வைத்து, நிலத்தையெல்லாம் துணியால் மூடிவிட்டு, கடல் இருக்கிற இடத்தில் புள்ளி வைப்பார். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. காலையிலிருந்து வெளிச்சம் போகிறவரை டிக், டிக், டிக் என்று தூறல் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சத்தத்தில் கண் சொருகாதவன் எங்கள் பட்டறையில் கிடையாது.

அவர் புள்ளியில் ஒரு மாயம் இருந்தது. தாளை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் கடல் அசையும். சத்தியமாகச் சொல்கிறேன். அச்சான தாள்களைக் கயிற்றில் காயப்போட்டுவிட்டு அதற்கு நடுவே நடந்து போவேன். இரண்டு பக்கமும் ஈரக்கடல் தொங்கும். ஜன்னல் திறந்திருந்தால் எல்லாம் மெல்ல ஆடும். எந்தப் பக்கம் கதவு என்று ஒரு நொடி மறந்துபோகும். அப்படியே நின்றிருக்கிறேன்.

இத்தனை கடல் செய்தவர் கடலைப் பார்த்ததில்லை. அவர் மெக்கலன் ஊரில் சட்டிபானை தட்டுகிறவரின் மகன். எங்கள் ஊரில் ஆறுதான் உண்டு. அதில் படகேறிப் போனால் கடல் வந்துவிடும். "ஒரு தடவ போய்ப் பாத்துட்டுத்தான் வாங்களேன் அண்ணே" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"எதுக்குடா? அது அசையும்ங்கிறாங்க. பாத்துட்டு வந்தா என் கையும் அசையும்" என்றார்.

செதுக்குகிறவர்கள் தகட்டில் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றித்தான் வெட்டவேண்டும். அப்போதுதான் தாளில் நேராக விழும். டீல்மான் ஊர்ப் பெயர்களைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பி வெட்டி, சந்தையில் கடைப்பலகையைக்கூடத் திருப்பிப் படிக்கிற ஆளாகிவிட்டான். கோமாருக்கு அந்தத் தொல்லையே இல்லை. புள்ளிக்கு இடமேது, வலமேது? திருப்பினாலும் புள்ளி புள்ளிதான். அதோடு அவருக்கு எழுத்தும் தெரியாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கதை விளங்காது. கடலில் கை சறுக்கினால் செம்பில் கோடு விழுந்துவிடும். அழிப்பது பெரும்பாடு: சுரண்டி, பின்பக்கம் சுத்தியலால் தட்டிச் செம்பை மேலே எழுப்பி, மறுபடி வழவழப்பாக்க வேண்டும். அதற்குப் பதில் கோட்டின்மேல் ஒரு கப்பலைப் போட்டு மறைத்துவிடுவார்கள். கோடு பெரிதென்றால் திமிங்கிலம். படம் வாங்குகிற கனவான்கள் "ஆகா, என்ன அழகு" என்பார்கள். நாங்கள் அடுத்த பட்டறைப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்தா பாரு, ஒரே கடல்ல அத்தன கப்பலு. குடிச்சிட்டுச் செதுக்கியிருக்கான்" என்று சிரிப்போம்.

கோமாரின் கடலில் கப்பலே கிடையாது. அதுதான் அவருடைய பெருமை. முதலாளிக்கு அதில் வருத்தம்தான். "ஒண்ணே ஒண்ணு போடேன் கோமார், ஜனங்க ஆசப்படுறாங்க" என்று கெஞ்சுவார்.

"தப்பு பண்ணாத எடத்துல நான் எதுக்கு முதலாளி கப்பல் போடணும்?" என்பார் இவர். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

டிங்னா அக்கா வீட்டில் உட்கார்ந்து படங்களுக்கு வண்ணம் தீட்டுவார். ஊருக்குச் சிவப்பு, காட்டுக்குப் பச்சை, கரையோரம் நீலம். அவர்களுக்கு ஒரே மகன், பால்டன். நீலக்கல்லை அம்மாவுக்கு அரைத்துக் கொடுத்தே வளர்ந்தவன். விரலெல்லாம் நீலமாக இருக்கும். அப்பா கடலில் புள்ளி வைக்கிறார், அம்மா நீலம் போடுகிறார், இவனுக்குப் பக்கத்திலேயே கடல் இருக்கிற மாதிரிதானே தோன்றும்? மீசை முளைத்ததும் உப்புக் கப்பலில் ஏறிவிட்டான். கிளம்புகிற அன்று வீட்டுக் கதவின் உள்பக்கம் கத்தியால் தன் பெயரை வெட்டிவிட்டுப் போனான். "கதவக் கெடுத்துட்டுப் போறான் பாரு" என்று டிங்னா திட்டிக்கொண்டே அழுதார்.

போர்ச்சுக்கல் போய் உப்பு ஏற்றிக்கொண்டு திரும்பி வந்த கப்பல், வால்கெரன் தீவுக்கு வெளியே, கரை விளக்குத் தெரிகிற தூரத்தில் கவிழ்ந்துபோனது. பின்னால் வந்த கப்பல்காரர்கள் பார்த்ததைச் சொன்னார்கள். உடல் ஒன்றும் ஒதுங்கவில்லை.

சேதி வந்த மறுநாள் கோமார் வழக்கம்போல வந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்து புள்ளி வைத்தார். எனக்கோ, என்ன மனுஷன் இவர் என்று இருந்தது. அன்றிலிருந்து அவர் வாயில் மகன் பெயர் வந்ததே இல்லை. வீட்டில் டிங்னா அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். "பெத்த வயிறு எனக்குத்தானா?" என்று அக்கா என் பெண்டாட்டியிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

டிங்னா பாதிரியாரிடம் போய்க் கோவிலில் மகன் பெயரில் ஒரு கல் வைக்கவேண்டும் என்று கேட்டார். பாதிரியார் கெட்டவர் இல்லை, ஆனாலும், "கல்லுக்கு அடியில என்னம்மா வைப்பே?" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு கேள்வியோடு அக்கா வீட்டுக்கு வராமல் நேராகப் பட்டறைக்கு வந்தார். அப்போது கோமாரின் மேசையில் வால்கெரன் இருக்கிற ஜீலாந்து ஜில்லாவின் தகடு இருந்தது. தீவுகள், கால்வாய்கள், ஊர்ப் பெயர்கள் எல்லாம் முடிந்து, கடல் மட்டும் பாக்கி.

"ஏங்க, இதுல வால்கெரன் எது?" என்று கேட்டார் டிங்னா.

கோமார் தலையைத் தூக்காமல் விரலால் காட்டினார்.

"அதுக்கு வெளியில ஒரு கப்பல் போடுங்க. அதுல நம்ம புள்ள பேர எழுதுங்க. அவன் கெடக்கிற எடத்துல பேராவது இருக்கட்டும்."

டிக், டிக் சத்தம் நின்றுபோனது. பட்டறையில் எல்லோரும் கையில் இருந்ததை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தோம்.

"என் கடல்ல கப்பல் கெடையாது" என்றார் கோமார்.

"உங்க கடலா? எம்புள்ள அதுக்குள்ள கெடக்கான்."

"டிங்னா, நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாங்க? கோமார் கை சறுக்கிடுச்சும்பாங்க."

"சறுக்குனா என்ன? ஊரு சிரிக்கும், அவ்வளவுதானே. எனக்கு அழக்கூட ஒரு எடமில்ல." கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. கோமார் மறுபடி உளியை எடுக்க வெகுநேரம் ஆனது.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "போட்டுத்தான் தொலைங்களேன் அண்ணே, ஒரு கப்பல்ல என்ன கொறஞ்சு போயிடும்?" என்றேன்.

"நீ மையத் தேய்டா" என்றார். தேய்த்தேன்.

அந்த வாரமெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மேசையில் பட்டாணிக் கஞ்சி குடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லையாம். பட்டறையில் கோமார் வழக்கத்தைவிட மெதுவாக வேலை செய்தார். முடித்ததும் தகட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். "இழு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிராங்க்பர்ட் புத்தகச் சந்தைக்கு வண்டி கிளம்பவேண்டிய நேரம்; தாள்களை அடைத்து அனுப்புகிற பீப்பாய்களைத் தூக்க முதலாளி துறைமுகத்தில் ஆள் பிடிக்கப் போயிருந்தார். நான் மை போட்டு இழுத்துத் தாளை உரித்தேன்.

வால்கெரனுக்கு வெளியே, அசைகிற அந்தக் கடலின் நடுவில், என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு உப்புக் கப்பல் நின்றது.

டீல்மான்தான் முதலில் பார்த்தான். "அடடே, வாங்கடா எல்லாரும். நம்ம கோமாரண்ணனுக்கும் சறுக்கிருச்சு. இத்தன வருசம் அடுத்தவன் கப்பல எண்ணிக்கிட்டு இருந்தாரே மனுஷன்!"

ஓடி வந்து பார்த்தார்கள். ஒருவன் முதுகைத் தட்டினான். ஒருவன் இன்றைக்கு பீர் உங்கள் செலவு என்றான். கோமார் நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் வாய் அடைத்திருக்கும். டிங்னா கேட்டது எல்லோர் காதிலும்தான் விழுந்திருந்தது. ஆனால் கோமார் முடியவே முடியாது என்று சொன்னதும் விழுந்திருந்தது, அதனால் ஒருவனும் அதை நினைக்கவில்லை. அவர், "ஆமாப்பா, சறுக்கிடுச்சு" என்றார். பீருக்குக் காசும் கொடுத்தார். 

வண்டிக்கு வேண்டிய தாள்களை அன்றும் மறுநாளும் இழுத்து முடித்தேன். அதற்கடுத்த நாள் காலை, காய்ந்த முதல் கட்டு வண்ணத்துக்காக டிங்னாவிடம் போனது. மதியம் ஆவதற்குள் ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா வந்துவிட்டார். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நானும் கோமாரும்தான் இருந்தோம். அக்கா முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"போட்டுட்டீங்க" என்றார்.

"ம்."

"பேரும் எழுதியிருக்கீங்க."

"கதவுல இருக்கிற மாதிரியே. ஒரு கோடு தவறல. தாளக் கதவுமேல வச்சு, கரியில தேச்சு எடுத்து, பாத்துப் பாத்து சின்னதா வெட்டுனேன்" என்றார் கோமார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

டிங்னா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நானும் குனிந்து பார்த்தேன். கப்பலின் வயிற்றில் பலகை வரி என்று நாங்கள் நினைத்தது எல்லாம் எழுத்து. நுணுக்கமான எழுத்து. ஆனால் அத்தனையும் பின்னாலிருந்து முன்னாலாக, கண்ணாடிக்குள் நிற்கிற மாதிரி நின்றது. புள்ளி வைத்தே காலம் தள்ளியவர், கதவில் இருந்ததை இருந்தபடியே செம்பில் வெட்டிவிட்டார். திருப்பி வெட்டவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தாளில் வந்து பார்த்தபோதும் அவருக்குத் தெரியவில்லை, பாவம்.

"எல்லா ஊரும் நேரா நிக்குது. எம்புள்ள மட்டும் முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறான்" என்றார் டிங்னா.

கோமார் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு தகட்டைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். விளங்கியதும் அவர் முகம் வெளிறிப்போனது. சுத்தியலை எடுத்தார், தகட்டைக் குப்புறக் கவிழ்த்தார்.

"என்ன பண்றீங்க?"

"தட்டி அழிச்சிடறேன். திரும்ப வெட்டறேன்."

அக்கா குறுக்கே கையை வைத்துவிட்டார், சுத்தியல் விழுகிற இடத்தில். "வேணாம். ஒரு தடவ முழுகினான், போதும். நீங்க வேற அடிச்சு முழுகடிக்க வேணாம்."

கோமார் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. மகன் போனதற்கு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அக்கா பக்கத்தில் நின்று அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

துடைக்கும்போதுதான் தோன்றியது. எதிர்ப்படி! செதுக்குகிறவர்கள் பிழை திருத்த எங்களிடம் எதிர்ப்படி கேட்பார்கள். இப்போதுதான் இழுத்த ஈரமான அச்சின்மேல் இன்னொரு வெற்றுத்தாளைப் போட்டு மறுபடி உருளையில் விட்டால், மை அதில் திரும்பி ஒட்டிக்கொள்ளும். தகட்டில் இருக்கிற மாதிரியே இடம் வலம் மாறி வரும். தகட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுவோம். வேறு எதற்கும் உதவாத தாள். இந்தக் களிமண் தலைக்கு அது எப்படி அந்த நேரத்தில் உறைத்ததோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

"அண்ணே, தகட்டக் குடுங்க" என்றேன்.

மை போட்டேன். துடைத்தேன். இழுத்தேன். ஈரத்தாளை உரித்து, அதன் முகத்தில் நல்ல தாளாக ஒன்றைத் தேடிப் போட்டு மறுபடி இழுத்தேன். அவ்வளவு மெதுவாகச் சக்கரம் சுற்றியது என் வாழ்நாளில் இல்லை. இரண்டு தாளையும் பிரித்து, புதியதை மேசையில் விரித்தேன்.

மை கொஞ்சம் வெளுப்பாகத்தான் விழுந்திருந்தது, விடியற்காலைப் பனியில் பார்க்கிற மாதிரி. அதில் உலகமே தடம் மாறிக் கிடந்தது. கடல் கிழக்கே போய்விட்டது. எங்கள் ஆறு எதிர்த்திசையில் ஓடியது. டீல்மான் உயிரைக் கொடுத்து வெட்டிய ஊர்ப் பெயர் ஒன்றைக்கூடப் படிக்க முடியவில்லை. அந்தப் படத்தை நம்பிக் கிளம்பினால் மாலுமி எந்தக் கரைக்கும் போய்ச் சேரமாட்டான். ஆனால் வால்கெரனுக்கு வெளியே நின்ற சின்னக் கப்பலில், கதவில் வெட்டியது வெட்டியபடி, பெயர் நேராக இருந்தது.

டிங்னா விரல் நுனியால், மை கலையாமல், அந்த இடத்துக்குப் பக்கத்தில் தொட்டார். "வந்துட்டான்" என்றார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். "படிங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாதே."

"இது தெரியும். படிங்க."

கோமார் குனிந்தார். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அக்கா விடவில்லை, காத்துக்கொண்டு நின்றார். 

"பால்டன்" என்றார் கோமார். கொஞ்சம் பொறுத்து, கூப்பிடுகிற மாதிரி, இன்னொரு முறை: "பால்டன்."

பிராங்க்பர்ட்டுக்குப் போன புத்தகத்தில் அந்தக் கப்பல் திரும்பிய பெயரோடுதான் போனது. இன்றுவரை ஒரு கனவானும் அதைப் படித்ததில்லை. பலகை வரி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். கை ஆடிப்போன கிழவன் என்று செதுக்குக்காரர்கள் சொன்னார்கள். கோமார் கடைசிவரை அதை மறுத்ததில்லை.

எதிர்ப்படியை டிங்னா வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறார். ஊருக்குச் சிவப்பும் காட்டுக்குப் பச்சையும் போடவில்லை. கப்பலைச் சுற்றி மட்டும் கொஞ்சம் நீலம். போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அக்கா மேசையில் கஞ்சியை வைத்துவிட்டு, அந்தத் தாளில் இருக்கிற பெயரைப் பார்த்து, "உங்கப்பாவும் அங்கதாண்டா வந்திருக்காரு, கடலப் பாக்க. கூட்டிட்டுப் போய்க் காட்டு" என்றார். அப்புறம் எனக்கு ரொட்டி வெட்டிக் கொடுத்தார்.